முன்னங்கால், பின்னங்கால்

"யோவ், கொஞ்சம் நில்லு. மூச்சு வாங்குது."

"நின்னா கழுதை செத்துப்போச்சுன்னு நினைப்பாங்க. வாலையாவது ஆட்டு."

"ஆட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். நீ காதை ஆட்டு."

"காதுக் கயிறு அறுந்துபோச்சு."

"எப்போ?"

"கேக் பக்கத்துல போனோம்ல, அப்போ ஒரு வாண்டு தொங்கிட்டான்."

"அப்போ தலையை ஆட்டு. வீட்டுலயும் அதைத்தானே பண்றே."

முன்னாலிருந்து ஒரு குலுங்கல் வந்தது. அவன் சிரித்தால் அவன் இடுப்பு வாரைப் பிடித்திருக்கும் அவள் கைக்குத்தான் முதலில் தெரியும். சத்தம் அப்புறம்தான் வரும். வெளியே பிறந்தநாள் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். கழுதை ஒரு சுற்று சுற்றியது.

அவர்கள் இருவரும் சேர்ந்து ஒரு கழுதை. அவன் முன்னங்கால், கழுத்து, தலை. அவள் பின்னங்கால், வயிறு, வால். பிறந்தநாள் வீடு, பள்ளி ஆண்டு விழா, கடை திறப்பு, எங்கே கூப்பிட்டாலும் போவார்கள். தெருவில் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் கிடையாது. "முன்னங்கால் வீட்டுல இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். அவளைப் பார்த்தால், "என்ன பின்னங்கால், ஆளையே காணோம்?" அவளுக்கு அதில் கோபம் இல்லை. பின்னங்கால் இல்லாமல் எந்தக் கழுதை நடந்திருக்கிறது?

வீட்டு முன்னறை முழுக்க விலங்குகள். பழைய போர்வை, கிழிந்த திரைச்சீலை, யாரோ வேண்டாமென்று கொடுத்த கோட்டு, எது கிடைத்தாலும் அவள் கையில் அது ஏதாவது ஒரு மிருகமாகிவிடும். தலைகள் அவன் வேலை. ஊதின பலூன் மேல் செய்தித்தாளைப் பசை போட்டு அடுக்கடுக்காக ஒட்டுவான். காய்ந்ததும் பலூனை ஊசியால் குத்துவான். கண்ணுக்குப் பாட்டில் மூடி. பள்ளி நாடகத்துக்கு வாடகைக்கு எடுக்க வரும் அம்மாக்கள் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.

"ஏம்மா, இது நாயா நரியா?"

"வாலைத் தூக்கிக் கட்டினா நரி. தொங்கவிட்டா நாய். உங்க பிள்ளைக்கு எது வேணும்?"

கழுதையை மட்டும் வாடகைக்குக் கொடுப்பதில்லை. சாம்பல் நிறக் கம்பளி இரண்டை வெட்டி, வயிற்றுக்குப் பிரம்பு வளையம் கோத்து, அவன் தோளுக்கும் அவள் குனிந்த முதுகுக்கும் அளவெடுத்துத் தைத்தது. வேறு யார் போட்டாலும் கழுதைக்குக் கூன் விழும்.

கொடுக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அவள் புருஷன் பேசாத ஆள். ஊமை இல்லை, முரடனும் இல்லை. பேச்சு வராது, அவ்வளவுதான். சாப்பிடும்போது "உப்பு" என்பான். கதவைத் தட்டினால் "நான்தான்" என்பான். மற்றபடி "ம்", "சரி", "பார்க்கலாம்". கல்யாணமான புதிதில் அவள் அழுதுகூடப் பார்த்தாள். அதற்கும் "ம்" தான் வந்தது. அப்புறம் கழுதை தைத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே, இருட்டில், அவன் முதுகுப் பக்கமாகக் குனிந்து அவள் நின்றபோது, அந்த மனுஷன் வாயைத் திறந்தான். அப்பா எப்படிச் செத்தார் என்று சொன்னான். லிஃப்டில் ஏறினால் தனக்கு உள்ளங்கை வியர்க்கும் என்றான். இன்னொரு நாள், ஒரு பிறந்தநாள் வீட்டில், மேலே ஒரு பிள்ளை ஏறி உட்கார்ந்திருக்கும்போது சொன்னான்: "நமக்குப் பிள்ளை இல்லைன்னு எனக்கு வருத்தம் இல்ல. நீ வருத்தப்படுறியேன்னுதான் வருத்தம்." அவள் அன்றைக்கு வாலை ஆட்ட மறந்தே போனாள்.

உள்ளே போனால் அவளுக்கும் நாக்கு அவிழ்ந்துவிடும். வெளியே "என்னங்க", "வாங்க", "சாப்பிடுங்க". உள்ளே "யோவ்", "நீ", "ஏ முன்னங்கால்". கம்பளியைக் கழற்றினால் மறுபடி "என்னங்க", மறுபடி "ம்". ஆனாலும் அவளுக்குப் புருஷன் முழுசாகக் கிடைத்தது அந்தக் கம்பளிக்குள்தான். அடுத்த ஆட்டம் எப்போது வரும் என்று அவள் காத்திருப்பதைக் காசுக்காக என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில்தான் கரடி வந்தது.

பெரிய சாலையில் மெத்தைக் கடை திறந்தார்கள். வாசலில் நின்று கையாட்ட, குழந்தைகளைக் கட்டிப்பிடிக்க, தொப்பி போட்ட தூங்குமூஞ்சிக் கரடி ஒன்று வேண்டும். கரடி தொழிற்சாலையில் செய்து பெட்டியில் வந்து இறங்கியது. உள்ளே போக ஆள் மட்டும்தான் தேவை. மாதச் சம்பளம். அவன் போய்க் கேட்டான், எடுத்துக்கொண்டார்கள்.

அவன் அக்கா, பக்கத்துத் தெருவில் சலவைக்கடை வைத்திருப்பவள், செய்தி கேட்டுச் சிரித்தாள். "என் தம்பி கழுதையிலேர்ந்து கரடியாயிட்டானா? பரவால்ல, பதவி உயர்வுதான்."

"லீவு நாள்ல கழுதை உண்டு அண்ணி. சொல்லிட்டாரு."

"வாயைத் திறந்து சொன்னானா?"

"கேட்டேன். 'ம்'னாரு."

ஒரு நாள் கரடியின் வலது கை தையல் விட்டு வந்தது. பெட்டியில் மாற்றுக் கை ஒன்று இருந்ததால் அவசரமில்லாமல் அவன் அதைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்தான். அவள் மடியில் வைத்துப் பிரித்துப் பார்த்தாள். வழுவழு ரோமத் துணி, உள்ளே விரல் தடிமனுக்கு ஸ்பாஞ்சு, அதற்குள்ளே இன்னொரு உறை. தையல் ஒன்றுகூடக் கோணல் இல்லை.

"இது யார் அளவுங்க?"

"யார் அளவும் இல்ல. யார் வேணா போட்டுக்கலாம்."

"தலை?"

"உள்ள ஹெல்மெட் மாதிரி இருக்கும். சின்ன ஃபேன் ஓடும்."

"கண்ணு வழியா தெரியுமா?"

"கண்ணு சும்மா. வாய்க்குள்ள கறுப்பு வலை இருக்கு. அது வழியாப் பார்க்கணும். நேரா மட்டும் தெரியும். கீழ ஒண்ணும் தெரியாது."

அன்றைக்கு அவன் நிறையவே பேசிவிட்டான். அவளுக்கு ஊசி நின்றது. இன்னும் பேசட்டும் என்று கேட்டாள்.

"ஜிப்பு எங்க?"

"முதுகுல. நாமளே போட முடியாது."

"நம்ம கழுதையில நீங்க என்னென்னவோ பேசுவீங்க. அதுல?"

"பேசவே கூடாது. கரடி பேசினா குழந்தைங்க பயப்படும்னு சொல்லியிருக்காங்க. தலையையும் ஜனங்க முன்னாடி கழட்டக்கூடாது."

"அப்புறம் படி வந்தா? வழி தெரியலைன்னா?"

"கூட ஒரு பொண்ணு வரும். கையைப் பிடிச்சுக்கிட்டே வரும். ஒரு தரம் அமுக்கினா நில்லு. ரெண்டு தரம்னா படி. மூணு தரம்னா கீழ குழந்தை நிக்குது, குனி."

"நாலு தரம்னா?"

"நாலு கிடையாது," என்றான். எழுந்து போய்விட்டான்.

அவள் கையைத் தைத்து முடித்தாள். தொழிற்சாலைத் தையலுக்குப் பக்கத்தில் தன் தையல் கொஞ்சம் தடித்துத் தெரிந்தது.

பிறகு ஒரு சாயங்காலம் இருவரும் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். சாலையைக் கடக்க அவள் அவன் கையைப் பிடித்தாள். கடந்த பிறகும் விடவில்லை. பையை மறுகைக்கு மாற்றினபோது விரல்கள் அவளை அறியாமல் இரண்டு தரம் அமுங்கின. சமதரையில் நடந்துகொண்டிருந்தவன், இல்லாத படிக்குக் காலை உயரத் தூக்கி வைத்துத் தடுமாறினான். ஒரு கத்திரிக்காய் உருண்டு ஓடியது.

"என்னங்க ஆச்சு?"

"படி இருக்குன்னு நினைச்சேன்."

இருவரும் சிரித்தார்கள். கத்திரிக்காயைப் பொறுக்கினார்கள். அவள் இதை அண்ணியிடம் சிரிப்புக் கதையாகத்தான் சொன்னாள். அண்ணி சிரிக்கவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"ஏம்மா, அந்தப் பொண்ணு வேலைக்கு என்ன பேரு?"

"தெரியலை. கையைப் பிடிச்சுக்கிட்டுப் போறதுதான் வேலை."

"அப்போ அவனைக் கைப்பிடிச்சவ நீயா, அவளா?"

"சும்மா இருங்க அண்ணி."

"நான் சும்மாதான் இருக்கேன். கரடியைக் கழுவ என்கிட்டதான் கொண்டு வராங்க. வண்டிக்காரன் வாய் சும்மா இருக்குதா? மதியம் சாப்பாட்டு நேரத்துல கரடி அறையில ஒரே கதையாம், வெளிய வரைக்கும் சிரிப்புச் சத்தம் வருதாம். யார் கதை சொல்றதுன்னு கேட்டேன். கரடிதானாம்."

"கரடி விடுறான் அந்த வண்டிக்காரன். இவராவது கதை சொல்றதாவது."

"அதையேதான் நானும் சொன்னேன்," என்றாள் அண்ணி. குரல் இறங்கியிருந்தது.

மறுநாள் கரடியின் கையைக் கொடுக்கிற சாக்கில் அவள் கடைக்குப் போனாள். கரடி மேல்தளத்தில் இருந்தது. பின்பக்க அறையில் அந்தப் பொண்ணு இருந்தாள். பொண்ணு என்று அவன் சொன்னதில் இவள் ஒரு சின்ன உருவத்தை நினைத்து வைத்திருந்தாள். இவளைவிட இரண்டு மூன்று வயது கூடவே இருக்கும். மூக்குக் கண்ணாடி. முன்நெற்றியில் நரை. கால் வீக்கமோ என்னவோ, செருப்பைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். இவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"நீங்கதானே பின்னங்கால்? உட்காருங்க, உட்காருங்க. உங்களைப் பத்தி அவர் சொல்லாத நாள் இல்ல."

"சொல்வாரா?"

"வாய் மூடினாத்தானே! கரடிக்குள்ள பேசக்கூடாதுல்ல, தலையைக் கழட்டினதும் அணை உடைஞ்ச மாதிரிதான். அவங்க அப்பா கடைசி நாள் கதை சொல்லி என்னை அழவெச்சுட்டாரு. லிஃப்ட்னா அவருக்கு எப்படி ஆகும்னு உங்களுக்குத் தெரியும்தானே? அதனாலதான் நாங்க படியிலயே போறோம்."

"தெரியும்."

"நல்ல மனசு அவருக்கு."

"தெரியும்," என்றாள் இவள் மறுபடி. அந்தப் பொண்ணின் முகத்தில் கள்ளம் இல்லை. அதுதான் இவளுக்குத் தாங்கவில்லை. கள்ளம் இருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். கரடியின் கையை மேசை மேல் வைத்துவிட்டு வந்தாள்.

அடுத்த விடுமுறை நாள் மதியம் அவன் பாயில் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். அவன் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். ஒரு தரம் அமுக்கினாள். ஆடிக்கொண்டிருந்த கால் விரல் நின்றது. இரண்டு தரம் அமுக்கினாள். பாதம் லேசாகத் தூக்கிக்கொண்டது. மூன்று தரம். தூக்கத்திலேயே அவன் தாடை கீழே குனிந்தது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நாலு தரம் அமுக்கினாள்.

அவன் கை அவள் கையைச் சுற்றி மூடியது. நிதானமாக, ஒவ்வொன்றாக, நாலு தரம் திருப்பி அமுக்கியது. முகத்தில் அவள் பார்த்தே இராத ஒரு சிரிப்பு வந்தது. அப்புறம் கண்ணைத் திறந்தான். அவளைப் பார்த்தான். கை தளர்ந்து பாயில் விழுந்தது.

"மணி என்ன?" என்றான்.

"தூங்குங்க," என்றாள்.

அன்றிலிருந்து அவள் கழுதையைப் பிரிக்க ஆரம்பித்தாள். அண்ணி வந்து பார்த்தபோது முன்னறையில் கழுதை தோல் உரிந்து கிடந்தது.

"என்னடி இது, கசாப்புக்கடை மாதிரி?"

"புதுசாத் தைக்கிறேன் அண்ணி. பள்ளிக்கூட விழா ஒண்ணு வருது."

"பழசுக்கு என்ன?"

"அவருக்குத் தோள் வலிக்கும். மூச்சு முட்டும். கரடியில ஃபேன் இருக்கு, ஸ்பாஞ்சு இருக்கு. ராஜா மாதிரி நடந்துட்டு மறுபடி இந்தக் கம்பளிக்குள்ள வரணும்னா யாருக்குத்தான் மனசு வரும்?"

அவன் வாயால் கேட்டதையும் கையைப் பிரித்துப் படித்ததையும் வைத்துக்கொண்டு அவள் எல்லாவற்றையும் மாற்றினாள். தோளுக்கு ஸ்பாஞ்சுப் பட்டை. கழுதை வாய்க்குள் கறுப்பு வலை. தலைக்குள்ளே பழைய ஹெல்மெட்டின் உள்பட்டை. கழுத்தில், மேசை மேல் வைக்கிற குட்டி ஃபேன் ஒன்றைக் கழற்றி, பேட்டரியோடு கட்டினாள். கம்பளிக்குப் பதில் காற்றுப் போகிற மெல்லிய துணி. அண்ணி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"முன்னாடி ஃபேன். பின்னாடி?"

"பின்னாடி எதுக்கு?"

"பின்னாடி போறதும் மனுஷிதானே?"

"எனக்குப் பழகிடுச்சு."

"ஏண்டி, ஒரு ஆம்பளையை வீட்டுல நிறுத்தி வைக்க ஃபேன் போதுமா?"

"வீட்டுல நிக்க வேணாம் அண்ணி. இதுக்குள்ள வந்தாப் போதும். வந்தா பேசுவாரு. பேசினா சரியாயிடும்."

அண்ணிக்கு அது புரியவில்லை. ஆனால் கத்தரிக்கோலை எடுத்து, தொங்கிக்கொண்டிருந்த நூல்களை வெட்டிக் கொடுத்தாள்.

பள்ளிக்கூட விழா நாளில் மேடைக்குப் பின்னால் அவன் புதுக் கழுதையைப் போட்டுப் பார்த்தான். தோளை அசைத்தான். தலையைத் திருப்பினான். ஃபேன் சுழன்றது.

"நல்லா இருக்கு," என்றான். வெளியே நின்று, அவளைப் பார்க்காமல், ஆனாலும் சொன்னான். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பின்னால் போய்க் குனிந்து, இரண்டு பாதியையும் சேர்க்கும் கொக்கிகளைப் போட்டு, அவன் இடுப்பு வாரைப் பிடித்துக்கொண்டாள்.

மேடையில் ஒலிபெருக்கியோடு ஒரு டீச்சர். நாடகம் இவ்வளவுதான்: டீச்சர் கேள்வி கேட்பாள், கழுதை தலையாட்டும், பிள்ளைகள் கத்தும்.

"கழுதையே, கழுதையே, காலையில பல் தேய்ச்சியா?"

கழுதை இல்லை என்று தலையை ஆட்டியது. அரங்கம் கத்தியது.

உள்ளே அவள் மெல்ல, "என்னங்க," என்றாள்.

கழுதை ஓர் அடி தவறியது. அதற்குள்ளே அவள் ஒருநாளும் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"என்ன, புதுசா மரியாதை?"

"ஒண்ணு கேக்கணும்."

"முடியட்டும்."

"முடிஞ்சா நீங்க பேச மாட்டீங்க. இங்கதான் பேசுவீங்க."

"இடது பக்கம் திரும்பு, மேடை முடியுது."

திரும்பினாள். "அவகூடப் போகப்போறீங்களா?"

"கழுதையே, வீட்டுப்பாடம் எழுதினியா?" என்றாள் டீச்சர்.

முன்னால் தலை இடமும் வலமும் ஆடியது. அவன் தோள் அசைவதை அவள் கை உணர்ந்தது. பிள்ளைகள் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தினார்கள்.

"அது டீச்சருக்கா, எனக்கா?"

"டீச்சருக்கு."

"எனக்கு?"

ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. இந்த மனுஷன் இதற்குள்ளே அவள் கேட்டுப் பதில் சொல்லாமல் இருந்ததே இல்லை.

"அவகிட்ட என்னங்க இருக்கு? என்னைவிடப் பெரியவ. நான் பார்த்தேன்."

"ஒண்ணும் இல்ல. சாதாரணமா இருப்பா."

"பின்ன?"

"அவ முகத்தைப் பார்த்துப் பேச வருது."

"என்கிட்ட நீங்க பேசினதே இல்லையா? அப்பா விஷயம், பிள்ளை விஷயம், எல்லாம் இங்க, இதுக்குள்ள வெச்சு..."

"இதுக்குள்ள உன் முகம் தெரியாதுல்ல."

அவள் வாரைப் பிடித்திருந்தாள். பிடித்தபடியே இருந்தாள்.

"நான் சொல்றதைக் கேளு. நீ நல்லவ. உன்மேல ஒரு குறையும் இல்ல. ஆனா உன் முகத்தைப் பார்த்தா எனக்குத் தொண்டை அடைச்சுக்குது. கல்யாண நாள்லேர்ந்தே அப்படித்தான். என்ன சொல்லப்போறேன், என்ன சொல்லப்போறேன்னு நீ பார்த்துக்கிட்டே இருப்பே. பரீட்சையில பேப்பரைக் கையில கொடுத்துட்டுப் பக்கத்துலயே நிக்கிற மாதிரி இருக்கும். எழுத வராது. இங்க நீ பின்னாடி இருந்தே, இருட்டு. யார்கிட்டயோ பேசுற மாதிரி பேசிடுவேன்."

"யார்கிட்டயோ," என்றாள் அவள்.

"கோவிச்சுக்காதே."

"கழுதைக்குக் கோபம் வந்தா என்ன பண்ணும் பிள்ளைங்களா?" என்றாள் டீச்சர்.

"உதைக்கும்!"

"உதை," என்றான் அவன் மெல்ல. "உன் முறை."

அவள் உதைத்தாள். அவன் வாரைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலையும் மாற்றி மாற்றிப் பின்னால் வீசினாள். சிரிப்பு அலை அலையாக வந்தது. ஒரு உதையோடு நிறுத்துவதுதான் வழக்கம். அவள் நிறுத்தவில்லை. அவள் இழுத்த இழுப்பில் முன்னங்காலும் சேர்ந்து ஆடியது. அவன் நிறுத்தச் சொல்லவில்லை. இன்னும், இன்னும் என்று பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறி நின்றார்கள். மூச்சு நின்றுபோகும் வரை உதைத்துவிட்டு, நெற்றியை அவன் முதுகில் சாய்த்து நின்றாள். சட்டை ஈரமாக இருந்தது. ஃபேன் ஓடியும் வியர்த்திருக்கிறது என்று நினைத்தாள். அப்புறம்தான் தெரிந்தது, அது அவள் கண்ணீர்.

"வணக்கம் வைக்கணும்," என்றான் அவன்.

கழுதை முன்னங்காலை மடக்கி வணங்கியது. பின்னங்காலும் மடங்கியது.

மேடைக்குப் பின்னால் அவள் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். டீச்சர் ஓடி வந்து, "இத்தனை வருஷத்துல இப்படி ஒரு கழுதையைப் பார்த்ததே இல்ல," என்றாள். அவன் "ம்" என்றான்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு வாரம் ஒரு பேச்சும் இல்லை. இவள் சமைத்தாள், அவன் சாப்பிட்டான். உப்புகூடக் கேட்கவில்லை. அவன் பையில் துணி அடுக்கின காலையில் அண்ணி வந்துவிட்டாள். யார் சொல்லி அனுப்பினார்களோ தெரியாது.

"ஏண்டா, உனக்கு அறிவு இருக்கா? இவ என்ன குறை வெச்சா?"

"ஒரு குறையும் இல்லக்கா."

"பின்ன எதுக்குடா போறே?"

அவன் பையின் ஜிப்பை இழுத்தான். அது பாதியில் மாட்டிக்கொண்டது. பழக்கத்தில் இவள் குனிந்து, துணியை விலக்கி, ஜிப்பை இழுத்து மூடிக் கொடுத்தாள். அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். "நீயே மூட்டை கட்டிக் கொடு. நல்லா இருக்கு போ." மேலும் பேசப் பிடிக்காமல் வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள்.

அவன் போகவில்லை. பையைத் தூக்கினான், கீழே வைத்தான். சுவரில் மாட்டியிருந்த புதுக் கழுதையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"லீவு நாள்ல," என்றான்.

"லீவு நாள்ல?"

"ஆட்டம் வந்தா நான் வேணா வந்து..."

அவன் சொல்லி முடிக்கவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. வருவான். மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு முறை. அவன் முதுகு இருக்கும், வார் இருக்கும், இருட்டு இருக்கும். பேசுவான். இன்னும்கூட நன்றாகப் பேசுவான். சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"இங்க பாருங்க," என்றாள்.

அவன் கழுதையைப் பார்த்தான்.

"அங்க இல்ல. இங்க. என் முகத்தைப் பார்த்துக் கேளுங்க. வரட்டுமான்னு ஒரு வார்த்தை. கேட்டா வாங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவன் திரும்பினான். உண்மையாகவே முயற்சி செய்தான், அதை அவள் கண்ணால் பார்த்தாள். அவன் பார்வை அவள் கழுத்துவரை வந்தது. அப்புறம் முகவாய். அப்புறம் கண். உதடு பிரிந்தது. எதையும் எதிர்பார்க்காத முகமாக வைத்துக்கொள்ள அவள் பாடுபட்டாள். எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அப்படி ஒரு முகத்தை அளவெடுத்துத் தைக்க அவளால் முடியவில்லை.

வாசலில் அண்ணி மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"ம்," என்றான் அவன். கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை. பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினான்.

அவள் ஜன்னலுக்குப் போனாள். தெருக்கோடியில், மூடியிருந்த கடையின் நிழலில், மூக்குக் கண்ணாடி போட்ட அந்தப் பொண்ணு நின்றிருந்தாள். இந்த வீட்டுப் பக்கம் வரக் கூச்சப்பட்டு அங்கேயே நின்றிருக்க வேண்டும். அவன் தலை குனிந்தபடி நடந்தான். பாதித் தெரு வரை அப்படித்தான் போனான். கிட்டே போனதும் அந்தப் பொண்ணு கை நீட்டிப் பையை வாங்கப் போனாள், அவன் கொடுக்கவில்லை. இருவரும் எதிரெதிரே நின்றார்கள். அவன் முகத்தை நிமிர்த்தினான்.

"என்னடி பார்க்கிறே? உள்ள வா," என்றாள் அண்ணி.

"பேசுறாரு அண்ணி."

"என்ன பேசுறான்?"

"தெரியலை. இங்க கேக்கலை."

அவன் வாய் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது.